இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் பறக்க: எந்த வழி எதற்கு உதவும்?

பிபிஎல் லைசன்ஸ் (சொந்தமாகப் பறக்க உதவும் தனியார் விமானி உரிமம்) கையில் இருக்கிறது, ஆனால் காக்பிட்டில் உட்கார்ந்து வருடக் கணக்காகிவிட்டது. கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ் விமானிகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். சிலர் 2020 மார்ச்சில் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டோடு நிறுத்தியவர்கள். மற்றவர்களுக்குக் கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். திரும்பி வர நினைத்தால் மூன்று வழிகள் உண்டு: வீட்டு சிமுலேட்டர், மாதம் ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு பறப்பது, ஒன்றிரண்டு வாரத்துக்குள் நெருக்கி நெருக்கிப் பறப்பது. காசு இருப்பது கொஞ்சம்தான் என்றால் அதை மூன்றாவதில் போடுங்கள் என்பேன்.

சைக்கிள் ஓட்டுவது போல, கை மறக்காது என்று கிளப்பில் சொல்வார்கள். விமானத்தை நேராகப் பிடிக்கும் அளவுக்கு அது உண்மை. ஆனால் முதலில் போவது கைப்பழக்கம் இல்லை, வேலைகளின் வரிசை. எப்போது ஃபிளாப் (இறக்கையின் பின்புற மடிப்பு) இறக்குவது, கட்டுப்பாட்டு டவருக்கு என்ன பதில் சொல்வது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்பதெல்லாம் தடுமாறும். புதிதாக பிபிஎல் வாங்கியவர்களை 8, 16, 24 மாதங்களில் சோதித்த ஆய்வு ஒன்றை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1983-இல் வெளியிட்டது. திறமை கணிசமாகக் குறைந்திருந்தது. எதில் குறைந்தது என்று அந்த விமானிகளே போட்ட கணக்கும் சரியாக அமையவில்லை. இரண்டாவது விஷயம்தான் கவலைக்குரியது. நம் பலவீனத்தைக் காட்ட பக்கத்து சீட்டில் இன்னொருவர் வேண்டும்.

அதற்காக வீட்டு சிமுலேட்டர் வீண் என்று நினைக்க வேண்டாம். வரிசையை மீட்க அதைவிட மலிவான வழி கிடையாது. எக்ஸ்-பிளேனிலோ மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலோ செஸ்னா 172-ஐ எடுத்து, உங்கள் கிளப் விமானத்தின் செக்லிஸ்ட்டையே வைத்துக்கொண்டு, கோலாலம்பூர் பக்கத்து சுபாங் விமான நிலைய ஓடுபாதையின் 15, 33 என்ற இரண்டு முனையிலிருந்தும் சர்க்யூட் (புறப்பட்டு, சுற்றி வந்து இறங்குவது) அடியுங்கள். ரேடியோ ரீட்பேக்கை, அதாவது டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதை, வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ஜின் நின்றால் முதலில் மிதந்து இறங்கும் வேகம், 172எஸ் மாடலுக்கு 68 நாட், அப்புறம் இறங்கும் இடம், அப்புறம் மறுபடி ஸ்டார்ட் செய்யும் முயற்சி. யோசிக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஆனால் ஃபிளேர் (தரை தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்குவது) அங்கே வராது. ஓரக்கண்ணில் தரை எழும்பி வருவதும், ரடர் (வாலில் உள்ள சுக்கான்) காலில் தரும் அழுத்தமும் திரையில் இல்லை. கண் கருவிகளிலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் வரலாம். சுபாங்கில் வெளியே பார்க்காமல் பறப்பது ஆபத்து.

மாதம் ஒரு முறை பறப்பது பட்ஜெட்டுக்கு நல்லதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறையும் பாதி நேரம் போன மாதம் மீட்டதை மறுபடி மீட்பதிலேயே போய்விடும். நம் வானிலையும் சேர்ந்துகொள்ளும்: பிற்பகல் இடிமழை, வருட நடுவில் புகைமூட்டம். ஒரு நாள் ரத்தானால் இடைவெளி இரண்டு மாதம்.

நெருக்கமாகப் பறந்தால் நேற்று செய்த தப்பு இன்று நினைவில் இருக்கும். காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். 32 டிகிரி வெயிலில் சுபாங்கிலேயே அடர்த்தி உயரம் சுமார் 2,000 அடி, அதாவது சூட்டில் காற்று லேசாகி விமானம் அந்த உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும்; மந்தமாக ஏறும் விமானத்தோடு போராடுவதை முதல் நாளே வைத்துக்கொள்ள வேண்டாம். இன்ஸ்ட்ரக்டரிடம் லங்காவி பயணம் கேட்காதீர்கள், அழகான காட்சிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது), என்ஜின் நின்றதாக வைத்துப் பயிற்சி, குறுக்குக் காற்று, கோ-அரவுண்ட் கேளுங்கள். குறிப்பாக கோ-அரவுண்ட்: இறங்கப்போன விமானத்தை மறுபடி ஏற்றும்போது த்ராட்டில், ரடர், ஃபிளாப் மூன்றும் ஒரே நேரத்தில் வரும், நீண்ட நாள் ஓட்டாதவர் அங்கேதான் அதிகம் திணறுவார்.

எங்கே பறப்பது என்பதும் காசுக் கணக்குதான். 2024 ஆகஸ்ட் முதல் சுபாங்கில் ஜெட் விமானங்கள் மறுபடி இயங்குகின்றன. போயிங் 737 ஏறியதும் அதன் சுழல் காற்று அடங்க, அதே இடத்திலிருந்து புறப்படும் சிறிய விமானம் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும்; என்ஜின் ஓடுகிறது, வாடகையும் ஓடுகிறது. பினாங்கின் பாயான் லெபாஸ் விமான நிலையத்திலும் இதே நெரிசல், மேற்கே மலையும் சேர்த்து. தரையிறக்கத்துக்கு ஈப்போ மாதிரி பயணிகள் விமானம் குறைந்த இடம் நல்லது. ரேடியோவில் நம்பிக்கை வர சுபாங்தான் வேண்டும். ஆகவே முதலில் ஈப்போ, பிறகு சுபாங்.

எதற்கும் முன்னால் மருத்துவச் சான்றிதழைப் பாருங்கள். பிபிஎல்லுக்கு சர்வதேச விதிப்படி 60 மாதம் வரை செல்லும்; 40 வயதைத் தாண்டினால் 24 மாதம்தான். பயணிகளை ஏற்ற, முந்தைய 90 நாளில் 3 முறை புறப்பட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் இருக்கும் விதி. உங்கள் லைசன்ஸுக்குப் பொருந்துவதை மலேசிய சிவில் விமான ஆணையத்தின் ஆவணத்தில் சரிபாருங்கள். அந்த மூன்றை அமைதியான ஒரு காலையில் முடித்துவிடலாம். அம்மாவை ஏற்றிக்கொள்ள எனக்கு அது போதாது. இன்ஸ்ட்ரக்டர் இறங்கிய பிறகு தனியாகச் சில நாள், காற்று கொஞ்சம் கலைந்த நாளிலும் ஒரு முறை பறந்துவிட்டு அப்புறம்தான் கூப்பிடுவேன்.