கிரிட்டிகல் ரீசனிங்: முன்யோசனையா, நீக்கலா? எந்தக் கேள்விக்கு எந்த உத்தி

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில், சிறு பத்தியில் உள்ள வாதத்தை அலசச் சொல்லும் கிரிட்டிகல் ரீசனிங் கேள்விகளுக்குத் தயாராகிறவர்கள் ஏதாவது ஒரு உத்தியைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அதையே போடுகிறார்கள். விடையை முன்கூட்டியே யோசிக்கச் சொல்வார் ஒருவர். ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகச் சொல்வார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு. உத்தியைத் தீர்மானிக்க வேண்டியது கேள்வியின் வகை. அந்தக் கணக்கில் போட்டி உத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் களம். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டின் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வெர்பல் (மொழித்திறன்) பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்விகள். அதில் இருப்பவை கிரிட்டிகல் ரீசனிங், ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் இரண்டும் மட்டுமே. சராசரியாக ஒரு கேள்விக்கு 1 நிமிடம் 57 விநாடி. சட்டப் படிப்புக்கான எல்சாட்டில் 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் பகுதி போய்விட்டது. மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும் லாஜிக்கல் ரீசனிங் பகுதிகள் இரண்டாயின. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்விகள். அதாவது ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. பல துறை மேற்படிப்புகளுக்கான ஜிஆர்இயில் இந்த வகைக் கேள்விகள் சிறு பத்திகளாக ரீடிங் பகுதிக்குள்ளேயே ஒன்றிரண்டு வரும்.

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா?

இதில் எங்கள் பக்கம் தெளிவானது: கேள்வியை முதலில். பத்தியை முதலில் படிப்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதே. கேள்வியை இரண்டு முறை படிக்க நேரிடுகிறது, ஐந்தாறு விநாடி வீண். ஆனால் அந்த ஐந்து விநாடிக்குக் கிடைப்பது அதிகம். "கீழ்க்கண்டவற்றில் எது, விலை உயர்வே விற்பனை சரிவுக்குக் காரணம் என்ற முடிவைப் பலவீனப்படுத்தும்?" என்று கேள்வியே வாதத்தின் முடிவைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. பத்தியில் முடிவைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

இன்னொரு காரணம், திசை. "கீழே உள்ளவற்றில் எது மேலே உள்ள வாதத்தைத் தாங்குகிறது" என்பதும் "மேலே உள்ள கூற்றுகள் கீழே உள்ளவற்றில் எதைத் தாங்குகின்றன" என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவது வாதத்தை வலுப்படுத்தும் வகை. ஆப்ஷனில் புதுத் தகவல் வரலாம், வரவும் வேண்டும். இரண்டாவது இன்ஃபரன்ஸ் வகை, அதாவது பத்தியிலிருந்து என்ன பெறப்படும் என்று கேட்பது. பத்தியில் இல்லாத புதுத் தகவலை நம்பி நிற்கும் ஆப்ஷன் தவறு. ஆங்கிலத்தில் இரண்டிலும் "சப்போர்ட்" என்ற ஒரே சொல்தான் வரும். பத்தியைப் படித்த களைப்பில் கேள்வியை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் விழுகிற இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: கேள்வியைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஆப்ஷன்களை அல்ல. ஐந்தில் நான்கு உங்களைத் திசை திருப்ப எழுதப்பட்டவை. பத்திக்கு முன்னால் அவற்றைப் படித்தால் அந்தச் சொற்கள் மனதில் ஒட்டிக்கொண்டு பத்தியையே திரித்துக் காட்டும்.

முன்யோசனையா, நீக்கலா?

சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

"ஒரு நிறுவனத்தில் புதிய பயிற்சியில் சேர்ந்த ஊழியர்களில் 12 சதவீதம் பேர் அடுத்த ஓராண்டில் வேலையை விட்டார்கள். சேராதவர்களில் 30 சதவீதம் பேர் விட்டார்கள். ஆகவே ஊழியர்கள் விலகுவதைப் பயிற்சி குறைக்கிறது." இந்த முடிவைப் பலவீனப்படுத்துவது எது?

அ. பயிற்சியில் சேர்வது கட்டாயமில்லை. அங்கேயே நெடுங்காலம் இருக்க முன்பே எண்ணியவர்கள்தான் பெரும்பாலும் சேர்ந்தார்கள்.
ஆ. பயிற்சிக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது.
இ. சேர்ந்தவர்களின் எண்ணிக்கை சேராதவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு.
ஈ. வேறு சில நிறுவனங்களில் பயிற்சியே இல்லாமல் விலகல் குறைவாக உள்ளது.
உ. சேர்ந்தவர்களில் சிலர் பயிற்சி பயனற்றது என்றார்கள்.

முன்யோசனைக்காரர் ஆப்ஷன்களைப் பார்க்கும் முன் நின்று, "பயிற்சி முடித்தவர்களுக்குச் சம்பளம் கூட்டியிருப்பார்கள், அதனால் தங்கியிருப்பார்கள்" என்று ஒரு விடையை மனதில் எழுதிக்கொள்கிறார். நல்ல யோசனை, ஆனால் ஆப்ஷன்களில் சம்பளம் என்ற பேச்சே இல்லை. இப்போது அவர் பணத்தைப் பற்றிப் பேசும் ஒரே ஆப்ஷனான "ஆ"வின் பக்கம் சாய்கிறார். செலவு எவ்வளவு ஆனாலும் பயிற்சி விலகலைக் குறைத்ததா இல்லையா என்பதை அது தொடவே இல்லை.

நீக்கல்காரருக்கு வேறு ஆபத்து. வாதத்தில் இடைவெளி எங்கே என்று பார்க்காமலே ஆப்ஷன்களுக்குள் இறங்கியதால் "இ"யும் "ஈ"யும் அவருக்குக் கொஞ்சம் சரி போலத் தெரிகின்றன. "இ" எண்ணிக்கைக்கும் சதவீதத்துக்கும் இடையே வைத்த பொறி. 12, 30 இரண்டும் சதவீதங்கள் என்பதால் குழுக்களின் அளவு வேறுபடுவது மட்டுமே ஒப்பீட்டைக் கெடுத்துவிடாது. "ஈ" விலகல் குறைய வேறு வழிகளும் உண்டு என்கிறது. இந்த நிறுவனத்தில் பயிற்சி வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. "உ"வில் "சிலர்" என்றால் இரண்டு பேராகவும் இருக்கலாம். நீக்கல்காரர் இந்த ஐந்தையும் மறுபடி மறுபடி படித்து மூன்று நிமிடம் செலவழிப்பார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: விடையை யோசிக்காதீர்கள், இடைவெளியை யோசியுங்கள். மேலே உள்ள வாதத்தில் இடைவெளி என்ன? "பயிற்சியைத் தவிர இந்த இரு குழுக்களுக்கும் வேறு வித்தியாசம் கிடையாதா?" அவ்வளவுதான். பத்து விநாடியில் கேட்டுவிடலாம். சம்பளமும் இதற்குள் அடங்கும், முன்பே இருந்த எண்ணமும் அடங்கும். இந்தக் கேள்வியோடு ஆப்ஷன்களுக்குப் போனால் "அ" தானாக எழுந்து நிற்கும். அதன் பிறகு மற்ற நான்கையும் அடிப்பது சரிபார்க்கும் வேலை.

வலுப்படுத்து, பலவீனப்படுத்து, அசம்ப்ஷன் (வாதம் சொல்லாமல் நம்பி நிற்கும் ஊகம்), குறை கண்டுபிடி ஆகிய நான்கு வகைகளிலும் இந்த இடைவெளி முறைதான் முதலிடம். எல்சாட்டின் குறை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இன்னும் ஒரு படி மேலே போய் விடையையே யோசித்து வைக்கலாம். அங்கே குறைகள் திரும்பத் திரும்ப வரும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். கூடவே நடப்பதைக் காரணம் என்று சொல்வது, சிலரைப் பார்த்து எல்லோரைப் பற்றியும் சொல்வது, போதுமான நிபந்தனையையும் (இருந்தாலே முடிவு வரும்) தேவையான நிபந்தனையையும் (இல்லாமல் முடிவு வராது) மாற்றிக்கொள்வது என்று.

இன்ஃபரன்ஸ் வகையில் கதை தலைகீழ். பத்தியில் உள்ள நான்கு கூற்றுகளிலிருந்து எத்தனையோ உண்மைகளைப் பெறலாம். கேள்வியை எழுதியவர் எதை எடுத்தார் என்று யோசிப்பது வீண் வேலை. நீக்கல் மட்டுமே இங்கே செல்லும். ஒவ்வொரு ஆப்ஷனிடமும் "பத்தி முழுவதும் உண்மையாக இருந்தும் இது பொய்யாக இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அடியுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் சப்பென்று இருக்கும். இந்த வகைக்கு அதுவே நல்ல அறிகுறி. வாதத்தைப் பலவீனப்படுத்தாதது எது என்று கேட்கும் "எக்ஸெப்ட்" கேள்விகளுக்கும் நீக்கல்தான். நான்கு ஆப்ஷன்கள் வாதத்தைப் பலவீனப்படுத்தும், மிஞ்சுவதே விடை. அது வாதத்தை வலுப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சும்மா இருந்தாலே போதும்.

முரண் விளக்கும் கேள்விகளில், பத்தியில் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தெரியும் இரண்டு உண்மைகளையும் காப்பாற்ற வேண்டும். ஒன்றை மறுத்துவிட்டு மற்றதை விளக்கும் ஆப்ஷன் விடையாகாது. இதற்கு மேல் அங்கே உத்தி தேவைப்படுவதில்லை.

மறுத்துப் பார்ப்பதா, நேராகப் பார்ப்பதா?

அசம்ப்ஷன் கேள்விகளில் ஆப்ஷனை மறுத்துப் பார்க்கும் சோதனை பிரபலம். மறுத்ததும் வாதம் இடிந்து விழுந்தால் அதுவே விடை. மேலே உள்ள வாதத்துக்கு "சேர்ந்தவர்கள், மற்றவர்களைவிட முன்பே தங்கும் எண்ணம் கூடுதலாக உடையவர்கள் அல்லர்" என்று ஒரு ஆப்ஷன் வந்தால், அதை மறுத்துப் பாருங்கள்: அவர்களுக்கு எண்ணம் கூடுதலாகவே இருந்தது. முடிவு ஆட்டம் காண்கிறது.

சோதனை நல்லதுதான், கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, தவறாக மறுப்பது. "எல்லோரும்" என்பதன் மறுப்பு "ஒருவரும் இல்லை" அல்ல, "ஒருவராவது அப்படி இல்லை". "சிலர்" என்பதன் மறுப்புதான் "ஒருவரும் இல்லை". "பெரும்பாலோர்" என்பதை மறுத்தால் "பாதிப் பேர் அல்லது அதற்கும் குறைவு". எதிர்ச்சொல் போட்டு மறுப்பவர்களுக்குத் தவறான ஆப்ஷனும் வாதத்தை இடிப்பது போலத் தெரியும். இரண்டு, தவறான கேள்வியில் போடுவது. எல்சாட்டில் "இதை ஏற்றுக்கொண்டால் முடிவு தர்க்கப்படி கட்டாயம் பின்வரும்" என்று கேட்கும் வகை உண்டு. அங்கே தேவைப்படுவது போதுமான ஊகம், அதாவது அது இருந்தாலே முடிவு உறுதியாகிவிடும். அதை மறுத்தாலும் வாதம் வேறு வழியில் நிற்கக்கூடும், எனவே சோதனை சரியான விடையையே தள்ளிவிடும். அங்கே ஆப்ஷனை ஆதாரத்தோடு சேர்த்து, முடிவு தப்பிக்க வழியே இல்லையா என்று நேராகப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆப்ஷனையும் மறுத்துப் பார்க்க நேரம் இருக்காது. கடைசி இரண்டில் தடுமாறும்போது மட்டும் எடுங்கள்.

"அதீதச் சொல் வந்தால் அடி" என்ற விதி

பலரும் சொல்லும் குறுக்கு வழி. "எப்போதும்", "ஒருபோதும்", "மட்டுமே" வந்தால் தூக்கிப் போடு. இன்ஃபரன்ஸிலும் தேவையான ஊகம் கேட்கும் கேள்வியிலும் இது ஓரளவு உதவும். வலுவான கூற்றுக்கு வலுவான ஆதாரம் வேண்டும், பத்தியில் அது அரிது. பலவீனப்படுத்தும் கேள்வியிலும் போதுமான ஊகத்திலும் இதே விதி உங்களைக் கவிழ்க்கும். அங்கே ஆப்ஷனை உண்மை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது. அதே காரணத்தால் அங்கே சந்தேகப்பட வேண்டியது "சிலர்" போன்ற மெலிந்த சொற்களை.

தாளில் எழுதுவதா, மனதிலேயே வைப்பதா?

ஜிமேட்டில் முழு வாதத்தையும் குறிப்பெடுப்பது நேர விரயம். முடிவை ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள், பக்கத்தில் ஐந்து எழுத்துகளைப் போட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். தடித்த எழுத்தில் இரண்டு பகுதிகளைக் காட்டி அவற்றின் பங்கைக் கேட்கும் கேள்வியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: முதல் பகுதி எழுத்தாளரின் பக்கமா, எதிர்ப் பக்கமா, ஆதாரமா, முடிவா. இரண்டாவதற்கும் அதேபோல். பக்கம் தெரிந்தாலே பாதி ஆப்ஷன்கள் போய்விடும்.

எல்சாட்டில் நிபந்தனைச் சங்கிலிகள் அடிக்கடி வரும். அங்கே அம்புக்குறி போட்டு எழுதுவது பலன் தரும். "ஒன்லி இஃப்" என்பதற்குப் பின்னால் வருவது தேவையான நிபந்தனை, அம்பு அதை நோக்கியே போக வேண்டும். "சீட்டு இருந்தால்தான் நுழையலாம்" என்றால் நுழைந்தவரிடம் சீட்டு இருந்தது. சீட்டு உள்ளவர் எல்லோரும் நுழைந்தார்கள் என்று ஆகாது. "அன்லெஸ்" வந்தால் அதற்குப் பின்னால் வருவதை அம்பின் முனையில் வைத்து, மற்ற பாதியை மறுத்து அம்பின் தொடக்கத்தில் வையுங்கள்.

விட்டுவிட்டு வருவதா, அங்கேயே முடிப்பதா?

இது தேர்வைப் பொறுத்தது. எல்சாட்டிலும் ஜிஆர்இயிலும் பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். கடினமானதைக் குறித்துவிட்டுப் பிறகு திரும்புவது நல்ல உத்தி. ஜிமேட்டில் விடை தராமல் அடுத்ததற்குப் போக முடியாது. எல்லாக் கேள்வியும் முடிந்தபின் நேரம் மிஞ்சினால் மட்டும் திரும்பிப் பார்க்கலாம், அதிலும் ஒரு பகுதியில் மூன்று விடைகளைத்தான் மாற்றலாம். ஆகவே அங்கே இரண்டரை நிமிடம் தாண்டியும் இரண்டு ஆப்ஷன்கள் மிஞ்சினால் ஒன்றைத் தேர்ந்து, புக்மார்க் செய்து நகருங்கள். பகுதியை முடிக்காமல் விடுவது மதிப்பெண்ணைக் குறைக்கும். கடைசி மூன்று கேள்விகளைத் தொடாமல் விடுவதைவிட நடுவில் ஒன்றை ஊகித்துவிட்டுப் போவது மேல்.

பயிற்சியின்போது இந்த உத்திகளை நேரம் வைக்காமல் முதலில் பழகுங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: கேள்வி எந்த வகை, இடைவெளி என்ன, நீங்கள் தேர்ந்த ஆப்ஷன் ஏன் தவறு. மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி இன்னும் புரியவில்லை. நான்கு நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள்.