கப்பியா, டெட்ராவா? முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

கலர் மீன் கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதையும் அதையும் சேர்த்து விடலாமா?" என்பதுதான். சண்டை வருமா என்பதே அதன் பொருள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துவருமா என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும். குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுகிறது. கடலோரக் கிணறுகள் பலவற்றில் சோப்பு எளிதில் நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். இதுதான் கடினமான தண்ணீர். குலசேகரம், திருவட்டாறு போன்ற மேட்டுப் பகுதிச் செம்மண் கிணறுகளிலோ பெரும்பாலும் மென்மையான, லேசான அமிலத் தன்மையுள்ள தண்ணீர் கிடைக்கிறது.

கடினமான தண்ணீர் உள்ள வீட்டுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய மூன்றையும் தயங்காமல் சொல்வேன். இவை குட்டி போடும் இனங்கள். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7க்கு மேல் 8 வரை உள்ள நீரில் செழிக்கும். மோலியை மென்மையான நீரில் விட்டால் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடலை ஆட்டும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள். பல நேரம் குறை தண்ணீரில்தான் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் தொல்லை பெருக்கம். கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள், அல்லது ஆண் கப்பிகளை மட்டும் வளருங்கள்.

மென்மையான தண்ணீருக்கு டெட்ராவும் கோரிடோரஸும். அழகில் என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் நியான் டெட்ரா 25 டிகிரிக்குக் கீழேதான் சுகமாக இருக்கும். நம் ஏப்ரல் மாத வெப்பத்தில் சோர்ந்துவிடும். அதே நீலச் சிவப்புக் கோட்டுடன் கார்டினல் டெட்ரா 28 டிகிரியையும் தாங்கும். விலை கூடினாலும் நம் ஊருக்கு அதுவே சரி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். அதில் பத்து கார்டினல், ஆறு வெண்கலக் கோரிடோரஸ் போதும். கோரிடோரஸ் மீசையால் தரையைத் துழாவி இரை தேடும் மீன். கூரான சரளை மீசையைத் தேய்த்துவிடும், அதனால் அடியில் நைஸ் மணல் போடுங்கள். புதுத் தொட்டியில் இவற்றை உடனே விட வேண்டாம். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

டைகர் பார்ப் இரண்டு வகைத் தண்ணீரிலும் ஓரளவு பிழைக்கும், விலையும் குறைவு. ஆனால் கப்பியின் வாலையும் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பையும் கடித்துக் குதறும். எட்டுக்கு மேல் கூட்டமாக விட்டால் துரத்தலைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். துணைக்கு ஜீப்ரா டேனியோ போன்ற வேகமான மீன் போதும்.

ஏஞ்சலும் நியானும் ஒரே தொட்டியில் நீந்துவதைக் கடையில் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே ஏஞ்சல் சிறு பருவத்தில் இருக்கிறது. வளர்ந்தபின் நியான் அதன் வாய்க்குள் அடங்கும்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைச் சேர்த்து விற்றால் வாங்காதீர்கள். அது ஓரடிக்கும் மேல் வளரும். பெருத்ததும் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். கரையைக் குடைந்து, உள்ளூர் மீன்களின் இரையைப் பறித்து அங்கேயே பெருகிவிடும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.