ஏஜென்சி ஆயாவா, கிரெஷ்ஷா?

அம்மாவுக்கு முட்டி வலி, மாமியார் ஊரை விட்டு வரமாட்டார், சென்னையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே வரும் ஆயா, கிரெஷ் என்கிற குழந்தைகள் காப்பகம், இரண்டையும் பார்த்தாயிற்று.

ஆயா வந்தால் பாப்பா தன் தொட்டிலிலேயே தன் நேரத்துக்குத் தூங்குவாள், சளி பிடித்தாலும் நாம் லீவு போட வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் போக ஏஜென்சிக்குக் கமிஷன் தனி. ஆள் நின்றுவிட்டால் உடனே வேறு ஆள் அனுப்புவோம் என்றார்கள், அந்த வேறு ஆள் வர மூன்று வாரம் ஆனது, அதற்குள் இவள் பழைய ஆயாவின் வளையல் சத்தத்தைத் தேடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்று ஆள் எத்தனை நாளில் என்று எழுதி வாங்குங்கள். ஆதார் நகல் மட்டும் போதாது, போலீஸ் சரிபார்ப்பும் கேளுங்கள்.

கிரெஷ்ஷில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார், எங்களுக்குச் செலவும் குறைவு. காய்ச்சல் என்றால் மட்டும் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்புறம், பலர் அலுவலகத்தில் கேட்பதே இல்லை: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரெஷ் வசதி தர வேண்டும், தாய் தினமும் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பேச்சு வரும்வரை ஆயா, பிறகு கிரெஷ். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஏனென்றால் என்ன நடந்தது என்று அவளே வந்து சொல்லிவிடுவாள்.