மறைக்கல்வி வகுப்பு: மனப்பாடமா, காணொளியா, கடலிலிருந்து தொடங்குவதா?

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் போன்ற கடலோர ஊர்களில், ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமயப் பாடமான மறைக்கல்வி வகுப்பில் உட்காரும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கண் சன்னல் பக்கமே இருக்கிறது என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் நெடுநாள் வருத்தம். அவர்களை வகுப்புக்குள் கொண்டுவரக் கையாளப்படும் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

வினா-விடை மனப்பாடத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. பத்துக் கட்டளைகளும் திருமுழுக்கு முதலான ஏழு அருளடையாளங்களும் வரிசை மாறாமல் நாவில் நிற்கவும், முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தவும் அது உறுதியான வழி. ஆனால் ஆர்வம் இழந்த பிள்ளையிடம் அதையே முதலில் நீட்டினால், ஞாயிறும் அவனுக்கு இன்னொரு பள்ளிக்கூட நாளாகிவிடுகிறது. காணொளி வகுப்பை அமைதிப்படுத்தும். எனினும் அந்த அமைதியில் பிள்ளை கேள்வி கேட்பதில்லை. 1693-இல் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கு அழைத்துச் சென்று, அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணைக் காட்டுவது ஆழப் பதியும். வண்டிச் செலவைப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இயலாது.

பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த கடலிலிருந்து பாடத்தைத் தொடங்குவதையே நான் இவற்றுக்கு முன்னால் வைப்பேன். மாற்கு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில், புயலுக்கு நடுவே இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார்; சீடர்கள் எழுப்பியதும் எழுந்து புயலை அடக்குகிறார். படகின் முன்பகுதியான அணியத்தில் ஏன் படுக்கவில்லை என்று கேட்டால் போதும். அலையை முதலில் வாங்குவது அணியம்தான் என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வரும். கலிலேயக் கடல் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி என்பதையும், சுற்றிலும் உள்ள குன்றுகளிலிருந்து இறங்கும் காற்று அதைத் திடீரெனக் கொந்தளிக்கச் செய்யும் என்பதையும் ஆசிரியர் சொன்னால், வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) பொங்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடப்பதைப் பிள்ளைகள் ஒப்பிட்டுச் சொல்வார்கள். உள்நாட்டிலிருந்து வந்த ஆசிரியர் இங்கே மாணவராக வேண்டியிருக்கும். அதற்குத் தயங்கத் தேவையில்லை.

இந்த வழிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளை, எங்கள் அப்பாவுக்காக ஆண்டவர் ஏன் எழவில்லை என்று கேட்கக்கூடும். வினா-விடைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்ல அதற்குப் பதில் இல்லை. நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையில்லையா என்று சீடர்களும் அதே அதிகாரத்தில் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டி, அந்தப் பிள்ளையின் அருகே அமைதியாக உட்காரலாம். கேட்டது குற்றமல்ல என்றாவது அதற்குத் தெரியும்.

மனப்பாடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் அரை மணி நேரத்தைக் கதைக்கும் பேச்சுக்கும் கொடுத்து, அன்றைய பாடத்தோடு ஒட்டிய இரண்டு வினாக்களை மட்டும் இறுதியில் ஒப்பிக்கச் செய்யலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாள்களில், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத பேதுருவின் கதையைச் சொல்லும் ஞாயிறன்று, ஒரு பிள்ளையின் தகப்பனையே வகுப்புக்கு அழைத்து, வெறும் வலையோடு கரை திரும்பிய நாளைப் பற்றிப் பேசச் சொல்லலாம்.