பரணில் கிடக்கும் 8 மி.மீ. ரீல்களுக்கு வுல்வரின் மூவிமேக்கர் ப்ரோ சரிவருமா?

வுல்வரின் மூவிமேக்கர் ப்ரோ, பழைய 8 மி.மீ. ஃபிலிமை ஸ்கேன் செய்து வீடியோ கோப்பாக மாற்றும் கருவி. பெட்டி நிறைய ஊமை ரீல்கள் இருந்து, வீட்டில் வீடியோ எடிட்டிங் கொஞ்சம் தெரிந்த ஆளும் இருந்தால் இதைத் தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு ரீல்தான் என்றால் வெளியே கொடுத்து மாற்றிக்கொள்வதே லாபம்.

ஒரு சின்ன நகம் ஃபிலிமின் துளையைப் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாக இழுக்கிறது. பின்னாலிருந்து எல்இடி வெளிச்சம் விழ, எதிரே உள்ள 3.53 மெகாபிக்சல் சென்சார் ஒவ்வொன்றையும் படமெடுக்கிறது. வேகம் நொடிக்கு இரண்டு ஃப்ரேம். 50 அடி சூப்பர் 8 ரீலில் 3,600 ஃப்ரேம்கள். ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது நொடி, ஸ்கேன் செய்ய அரை மணி. 400 அடி ரீலுக்கு நாலு மணி நேரம். மழைக்காலத்தில் ஊட்டி, கோத்தகிரி பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்? பாதியில் போனால் அந்தக் கோப்பு திறக்காமலே போகலாம். யுபிஎஸ் இல்லாமல் பெரிய ரீலைத் தொட வேண்டாம்.

முதலில் ஃபிலிம் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சூப்பர் 8 வந்தது 1965ல். அதற்கு முந்தைய ரெகுலர் 8க்கு வயது 1932லிருந்து. ரீலின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் சூப்பர், சிறிதாக இருந்தால் ரெகுலர் என்பார்கள். ரீலை மாற்றிச் சுற்றியிருக்கலாம் என்பதால் ஃபிலிமின் ஓரத் துளையைப் பார்ப்பதே நிச்சயம். ஃப்ரேமின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர். இரண்டு ஃப்ரேம் சேரும் இடத்தில் இருந்தால் ரெகுலர்.

பெரிய குறை வேகத்தில்தான். எந்த ரீலைப் போட்டாலும் கோப்பு நொடிக்கு 20 ஃப்ரேமாகவே வரும். நொடிக்கு 18 ஃப்ரேமில் எடுத்த சூப்பர் 8 இதில் கொஞ்சம் விரைவாக ஓடும். 16ல் எடுத்த ரெகுலர் 8ல் பாட்டிகூட ஓட்டமும் நடையுமாகத் தெரிவார். ஷாட்கட் போன்ற இலவச மென்பொருளில் வேகத்தை முன்னதற்கு 0.9, பின்னதற்கு 0.8 என்று வைத்தால் நடை நடையாகிவிடும். இதைச் செய்யாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள்தான் அதிகம். பாவம், தாத்தாக்கள் எல்லாரும் கோமாளிகளாகிவிடுகிறார்கள்.

ஷார்ப்னஸைக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். கூட்டினால் ஃபிலிமில் இயல்பாக உள்ள மணிமணியான புள்ளிகள் எறும்பு மொய்த்ததுபோல் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, தானியங்கிக்கு விட்டால், பனிமூட்டக் காட்சியில் ஆட்களின் முகம் கறுத்துவிடும். அங்கே ஒரு படி கூட்டிவிட்டு அந்தத் துண்டை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யலாம்.

ஃப்ரேமைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் வசதியும் உண்டு, அதைத் தொடாதீர்கள். மே மாத மலர்க் கண்காட்சி, படகு இல்லம், மலை ரயில் எல்லாம் ஊட்டிப் பக்கம் எல்லார் வீட்டு ரீலிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டார் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பது ஓரத்தில் இருப்பதை: தகரக் கூரைக்கடியில் அடுக்கிய விறகு, வெந்நீர் அண்டா, மஃப்ளரோடு வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் விசேஷத்துக்கே கேமராவை எடுத்தார்கள். ரீலை முடித்துக் கழுவக் கொடுக்க வேண்டுமே என்று கடைசிச் சில அடிகளில் கண்ணில் பட்டதைப் பிடித்திருப்பார்கள். சமையலறையும் கொடித்துணியும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். வெளிச்சம் பட்டு வெளுத்த முனை என்று வெட்டி எறியாமல் கடைசித் துளை வரை ஓட்டுங்கள்.

இனி மலையின் ஈரம். 1960ல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஃபிலிம் நிறுவனம் ஊட்டிக்கு வந்ததற்கு இங்கிருந்த தூசியற்ற காற்றும் ஒரு காரணம் என்பார்கள். ஃபிலிம் செய்ய நல்ல ஊர், வீட்டில் வைத்துக் காக்கத்தான் சிரமமான ஊர். குளிர் ஃபிலிமுக்கு நல்லது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் எமல்ஷனில், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சில், உள்ள ஜெலட்டினைப் பூஞ்சை தின்னத் தொடங்கும். ஈரத்துணியால் துடைத்தால் ஜெலட்டின் இளகிப் படமே உரிந்துவரும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு பிரியாத துணியில் நனைத்து, முதலில் வெற்று முனையில் சோதித்துவிட்டு மெல்ல இழுங்கள். பூஞ்சை அரித்த கோடு போகாது.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பூச்சைத் தாங்கும் அசிடேட் பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலைத் தனியே எடுத்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். சுருங்கிய ஃபிலிமில் நகம் துளையைத் தவறவிட்டுப் படம் மேலும் கீழும் குதிக்கும். கொஞ்சம் குதித்தால் மென்பொருளில் நிலைப்படுத்தலாம். மிகவும் சுருங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள், துளை கிழியும். பழைய ஒட்டுகளில் பசை காய்ந்திருக்கும், ஃபிலிம் ஒட்டுவதற்கான ஸ்ப்ளைசிங் டேப்பால் மறுபடி ஒட்டிய பிறகே ஏற்றுங்கள். ஃபிலிம் போகும் வாயிலை ரீலுக்கு ஒரு தடவை தூரிகையால் தட்டிவிடாவிட்டால் ஒரே முடி படம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும்.

ஸ்கேனுக்கு ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாட்கள் நல்லவை. குளிர்ந்த பரணிலிருந்து இறக்கிய டப்பாவை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஃபிலிம்மேல் வியர்க்கும்.

ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப் பட்டை ஓடினால் அது ஒலியுள்ள ரீல். இந்தக் கருவிக்குக் காது கிடையாது. அதை மட்டும் ஒலியையும் எடுத்துத் தரும் ஸ்டுடியோவிடம் கொடுங்கள்.