உள்விளையாட்டரங்கமா, எஸ்பிளனேடா?

நான் கேட்டவற்றில் சிறந்த கச்சேரி எது என்று யோசித்தால், இரண்டு அரங்குகள் கண்முன் வந்து நிற்கின்றன. காலாங்கில் 1989-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கம் ஒன்று. சுமார் 12,000 பேர். பல்லவி தொடங்கியதும் கூட்டமே பாடகராகிவிடும். அம்மா என் கையைப் பிடித்தபடி பாடியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் சொற்கள் அதிர்வில் கரைந்தன.

அதே சிங்கப்பூரில் 2002-இல் திறந்த எஸ்பிளனேட் இசையரங்கில் சுமார் 1,600 இருக்கைகள்தாம். மேடைக்கு மேலுள்ள விதானத்தை ஏற்றி இறக்கலாம். எதிரொலி அறைகளின் கதவுகளைத் திறந்தால் நாதம் நீளும். அங்கேதான் தம்புராவின் தந்திகளைத் தனித்தனியே கேட்டேன். வயலின் ஓய்ந்த பிறகும் சில நொடிகள் யாரும் கைதட்டவில்லை. அந்த மௌனம்! இனி ஒரே டிக்கெட்தான் என்றால், எனக்கு எஸ்பிளனேட். அம்மாவும் வருவதானால் மட்டும் காலாங்.