பாலா, கோதுமையா, ஐபிஎஸ்ஸா, குடல் அழற்சியா?

வயிற்றுப்போக்கு நான்கு வாரம் தாண்டினால் அது நாள்பட்டது. பால் செரியாமை, கோதுமை தூண்டும் சீலியாக் நோய், ஐபிஎஸ் (குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமலே தொல்லை தரும் எரிச்சல் குடல் நோய்), குடல் அழற்சி நோய்: உப்புசம், வலி, கழிப்பறைக்கு ஓட்டம் எல்லாம் இந்த நான்கிலும் உண்டு. அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். எப்போது வருகிறது, கூடவே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எளிதில் பிடிபடுவது பால் செரியாமை. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களுக்குப் பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு பொருமும். இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு மறுபடி குடித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ், அதாவது சுமார் 240 மி.லி. பால், தாங்குவார்கள். தேநீரில் விட்ட இரண்டு கரண்டிப் பால்மேல் பழிபோடத் தேவையில்லை.

இதே உத்தியைச் சீலியாக் நோயில் கையாண்டால் காரியம் கெடும். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை தேடுவது இதற்கான எதிர்ப்பொருளை. கோதுமையை விட்டுச் சில மாதம் ஆனால் அது குறைந்துபோய், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். ஆகவே முதலில் பரிசோதனை, பத்தியம் பிறகு. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை; அதன் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கும் பொய்யான முடிவு வரும். இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை இந்நோயின் நல்ல தடயம். ‘கோதுமையை விட்டேன், சரியாயிற்று’ என்பது மட்டும் சான்றாகாது: கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுச்சத்து ஐபிஎஸ்காரர்களையும் படுத்தும்.

ஐபிஎஸ்ஸில் வாரத்தில் ஒரு நாளாவது வலி, மூன்று மாதமாக, மலம் கழிப்பதோடு ஒட்டி வரும். குடல் அழற்சி நோயில் மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி தலைகாட்டும். இரண்டையும் பிரிக்க மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்னும், அழற்சியைக் காட்டும் புரதத்தைப் பார்ப்பார்கள்; கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த அளவை ஏற்றிக் காட்டும் என்பதால் அவற்றைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கும் தொல்லையைக் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் ஐபிஎஸ் என்று முடித்துவிடக் கூடாது.

நான்கிலும் அடங்கவில்லையா? சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை, பித்தப்பை அகற்றியபின் வரும் பித்தநீர்ப் பேதி, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றையும் பாருங்கள்.